வெள்ளிக்குள்ளா, வெள்ளி வரையா?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜெர்மனியிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் எங்கள் தையல் தளத்துக்கும் நடுவே உட்கார்ந்து மெயில் எழுதுவதே என் வேலையில் பாதி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் நான். சேர்ந்த புதிதில் ஆறு வரி எழுத அரை மணி நேரம் ஆகும். கணினி சிவப்புக் கோடு போட்ட இடங்களையெல்லாம் திருத்துவேன். கோடு மறைந்ததும் அனுப்பிவிடுவேன். கோடு இல்லையென்றால் பிழையும் இல்லை என்று நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையை உடைத்தது ஒற்றைச் சொல். டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றின் எண்ணிக்கையை 'எவென்சுவலி' கூட்டுவோம் என்று பையர் எழுதியிருந்தார். அகராதியில் 'இறுதியில், கடைசியாக' என்று இருந்தது. இன்றில்லாவிட்டாலும் நாளை கூடத்தான் போகிறது என்று எடுத்துக்கொண்டு, சாம்பல் நிற மெலாஞ்ச் நூலைக் கூடுதலாக வாங்கச் சொன்னேன். மெலாஞ்ச் என்பது பஞ்சிலேயே சாயமேற்றிக் கலந்து நூற்பது. வெள்ளை நூலாக இருந்தால் வேறு ஆர்டருக்கு வேண்டிய நிறத்தில் சாயமேற்றிக்கொள்ளலாம். இதை அப்படித் திருப்ப முடியாது. நூல் வந்து இறங்கியது. ஆர்டர் கூடவில்லை.

கேட்டபோது அந்த அம்மையார் திகைத்துப்போனார். 'கூட்டினாலும் கூட்டலாம்' என்பதைத்தான் அவர் சொல்ல நினைத்திருக்கிறார். ஜெர்மனில் 'எவென்டுவெல்' என்றால் 'ஒருவேளை' என்று பொருளாம். ஆங்கிலத்தில் அதே முகச்சாயலோடு இருந்த சொல்லை நம்பி எடுத்துப் போட்டிருக்கிறார். எழுத்தும் சரி, இலக்கணமும் சரி. அந்த வரிக்கு எந்தக் கணினி கோடு போடும்?

அவர் ஜெர்மனில் நினைத்து எழுதுகிறார் என்றால் நான் தமிழில் நினைத்துத்தானே எழுதுகிறேன்? அன்று இரவு உட்கார்ந்து, நான் அனுப்பிய பழைய மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அளவுப் பட்டியலில் தோள் அளவு எனக்குப் புரியாத ஒரு சமயம், 'வி ஹேவ் எ டவுட்' என்று எழுதியிருந்தேன். வகுப்பில் எழுந்து நின்று "ஐயா, ஒரு சந்தேகம்" என்று கேட்பது நமக்குப் பணிவு. விளக்கம் கேட்பதற்கும் சந்தேகம், ஒருவரை நம்பாததற்கும் சந்தேகம். ஆங்கிலத்தின் 'டவுட்' பெரும்பாலும் நம்பாமையின் பக்கமே நிற்கிறது. பட்டியலை மறுபடி சரிபார்த்துவிட்டதாகவும் அதில் தவறு இல்லை என்றும் அவர் சற்று விறைப்பாகப் பதில் போட்டிருந்தார். அந்த விறைப்புக்குக் காரணம் இரண்டு வருடம் கழித்தே எனக்கு விளங்கியது. இப்போது 'கொஸ்டின்' என்று எழுதுகிறேன்.

'எஸ்டர்டே வி ஹேவ் சென்ட்' என்பதும் அப்படி வந்ததே. 'நேற்றே அனுப்பியிருக்கிறோம்' என்பதில் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்தில் நேற்று என்று சொல்லிவிட்டால் 'ஹேவ்' விலகிக்கொள்ள வேண்டும். 'இன்பர்மேஷன்ஸ்' என்று எழுதியதும் 'தகவல்கள்' தந்த துணிச்சல். எந்தப் பெயர்ச்சொல்லை எண்ணலாம், எதை எண்ணக் கூடாது என்று குறியிட்டுக் காட்டும் அகராதி ஒன்றை அதன் பிறகே வாங்கினேன். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆசிரியராக இருந்தபோது தொகுத்து, 1942இல் அங்கேயே வெளிவந்து, பிற்பாடு ஆக்ஸ்போர்டு பதிப்பித்த அகராதி அது. என்னைப் போல் வெளியிலிருந்து வருகிறவர்களுக்காகவே செய்தது. பொருளைவிட அதிலுள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களையே நான் அதிகம் படிக்கிறேன்.

'தி' எங்கே வரும் என்பது மட்டும் நெடுநாள் பிடிபடவில்லை. கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் தமிழை வைத்தே வழி காட்டினார். "சாம்பிள் அனுப்பினோம், சாம்பிளை அனுப்பினோம். இரண்டும் ஒன்றா?" என்று கேட்டார். ஒன்றில்லை. முதலாவது ஏதோ ஒரு சாம்பிள். 'ஐ' சேர்ந்ததும் இருவரும் அறிந்த, பேசிவைத்த சாம்பிள். ஆங்கிலத்தில் அங்கே 'தி' வரும். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, எழுவாயில் உதவாது. ஆனாலும் என் தடுமாற்றத்தில் பாதியை அந்த 'ஐ' தீர்த்துவைத்தது. பள்ளியில் இரண்டாம் வேற்றுமை என்று மனப்பாடம் செய்ததை இப்படி எடுத்துப் பயன்படுத்துவேன் என்று நினைத்ததே இல்லை.

போன மாதம், புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கை ஒருத்தி குழம்பிப்போய் ஒரு மெயிலைக் காட்டினாள். சாம்பிள்களை 'அன்டில் ஃப்ரைடே' அனுப்புங்கள் என்று இருந்தது. "வெள்ளி வரை தினமும் அனுப்பச் சொல்கிறார்களா அக்கா?" என்றாள். ஜெர்மனில் 'பிஸ்' என்ற ஒரே சொல் 'குள்' என்பதற்கும் 'வரை' என்பதற்கும் வரும். நாம் இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். வெள்ளிக்குள் என்று மாற்றிப் படித்தாள். உடனே அடுத்த கேள்வியையும் அவளே கேட்டாள்: "வெள்ளிக்குள் இங்கிருந்து கிளம்பினால் போதுமா, அங்கே போய்ச் சேர வேண்டுமா?" அந்த வரியில் அதற்குப் பதில் இல்லை. இரண்டே வாக்கியத்தில் கேட்டு அனுப்பினோம். இங்கே மாலை ஆறு மணி, அங்கே மதியம். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. வெள்ளியன்று அவர் மேசையில் இருக்க வேண்டுமாம். அன்று திங்கட்கிழமை. இரவு எட்டு மணிக்குள் பெட்டியைக் கட்டிக் கூரியரில் சேர்த்தோம்.