பிணை கிடைத்தும் வெளியே வராத பையன்கள்

கொழும்பு, புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் சட்டத்தரணியான என்னைத் தேடி வரும் இளைஞர்களின் வழக்குகளில் பாதிக்கு மேல் கொழும்புப் பிள்ளைகளுடையவை அல்ல. மஸ்கெலியா, பொகவந்தலாவை, பதுளைப் பக்கத்து மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து புறக்கோட்டைப் புடவைக் கடைகளிலும் செட்டியார் தெரு நகைக்கடைகளிலும் நிற்கும் பையன்களுடையவை. கடை மாடியிலேயே படுக்கை, முதலாளி வீட்டுச் சாப்பாடு, அடையாள அட்டையில் தோட்டத்து முகவரி. கைது என்று வந்துவிட்டால் அந்த முகவரியே அவர்களுக்கு வினையாகிறது.

பிடித்தது சரியா, தவறா என்ற கதை இருக்கட்டும். பொலிஸ் நிலையத்துக்குள் போனதும் இடுப்புப் பட்டியும் கைத்தொலைபேசியும் மேசைக்குப் போய்விடும். அம்மாவின் இலக்கம் தொலைபேசியில்தான் இருக்கிறது, பையனுக்கு மனப்பாடமில்லை. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும். கடையில் சிங்களம் சரளமாகப் பேசுகிறவன்தான், ஆனால் வாசிக்கத் தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிடுவான். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிரான சான்றாக நீதிமன்றம் ஏற்காது என்பது ஒரு நிம்மதி. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அந்த நிம்மதியும் இல்லை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் சொன்னது அங்கே சான்றாகிவிடும். அதனால் எங்கள் தலைமுறையில் எத்தனை பேரின் இளமை போனது என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் நிறுத்தவும் செய்கிறார்கள். வெள்ளி இரவு பிடிபட்டவனைச் சனிக்கிழமை பதில் நீதவானின் வீட்டு விறாந்தையில் நிறுத்துவார்கள். தகவல் எட்டி சட்டத்தரணி ஒருவர் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். குறைந்தது திங்கள் வரை விளக்கமறியல், அதாவது விசாரணை முடியுமுன்னே சிறை. பிறகு 14 நாள், இன்னொரு 14 நாள் என்று தவணை நீளும்.

விளக்கமறியல் என்றால் தண்டனை அல்ல என்று புத்தகத்தில் படித்திருக்கிறோம். பொரளைச் சிறையில் போய்ப் பார்த்தால் அந்தப் பாடம் மறந்துபோகும். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான பொலிஸாரின் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கிய பிறகு நெரிசல் இன்னும் முற்றியது. படுக்க இடமின்றி முறை வைத்துத் தூங்குகிறார்கள். நாட்டின் சிறைகளில் தண்டனை பெற்றவர்களைவிட விளக்கமறியல் கைதிகளே அதிகம். முதன்முறை உள்ளே போன பத்தொன்பது வயதுப் பையன் யார் பக்கத்தில் படுக்கிறான், யாரிடமிருந்து பீடி வாங்குகிறான் என்பதை எந்த அறிக்கையும் எழுதுவதில்லை.

எனக்குப் பொறுக்காத இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. நீதவான் பிணை கொடுத்துவிடுகிறார். ஒரு இலட்சம் ரூபா வீதம் இரண்டு சரீரப் பிணை: காசு கட்ட வேண்டியதில்லை, அந்தத் தொகைக்கு இரண்டு பேர் கையெழுத்து வைத்துப் பொறுப்பேற்க வேண்டும். மஸ்கெலியாவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த அம்மா, சாப்பாட்டுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “பிணைதான் கிடைத்துவிட்டதே ஐயா, பிள்ளையை இப்போதே கூட்டிப்போகலாமா?”

முடியாது. பிணை நிற்பவருக்குக் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் வேண்டும், அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டும், பல சமயம் வருமானத்துக்கு அத்தாட்சியும் கேட்பார்கள். அம்மாவின் கிராம உத்தியோகத்தர் மலையில் இருக்கிறார். போய் வாங்கி வர இரண்டு நாள், கொழுந்தெடுக்க மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் போடமாட்டார்கள், அந்த நாள் சம்பளம் போய்விடும். கூடப் படுத்துறங்கும் பையன்கள் வரத் தயார், அவர்களுக்கும் அதே தோட்டத்து முகவரி. கடை முதலாளியைக் கேட்டேன். “நல்ல பையன்தான், ஆனால் பொலிஸ் விஷயம், நாளைக்கு என் கடைக்கு வந்து நிற்பார்கள் தம்பி” என்றார். பொல்லாத மனிதர் அல்ல. அம்மா திரும்பிப் போகப் பஸ் காசு கொடுத்தவரும் அவரே. ஆனால் கையெழுத்து வைக்கவில்லை.

இப்படி நிற்கும்போதுதான், காசு தந்தால் பிணைக்கு ஆள் பிடித்துத் தருகிறேன் என்று ஒருவன் அருகில் வந்து மெல்லப் பேசுவான். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து அவனிடம் கொடுத்த தாய்மாரும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அந்த அம்மா அதற்கும் வழியில்லாமல் மலைக்குத் திரும்பினார். பிணை கிடைத்த பையன் அடுத்த கிழமை வரை உள்ளேயே கிடந்தான். அவன் வெளியே வந்தபோது கடையில் அவன் இடத்தில் வேறொருவன் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. ஆள் பிணை இல்லாமல் சந்தேகநபரின் சொந்த முறியில், அதாவது அவனது கையெழுத்தை மட்டும் நம்பி, விடுவிக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. எங்கள் தொழிலில் அதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டால் நேரம் போகும், மறுபக்கத்தில் பொலிஸார் எழுந்து தலைமறைவாகிவிடுவான் என்பார்கள், பட்டியலில் அடுத்த வழக்கு காத்திருக்கும். நான் இப்போது தவறாமல் கேட்கிறேன். கையில் கடைசிச் சம்பளத் துண்டு, தோட்டத்து முகவரியை உறுதிசெய்யும் ஒரு கடிதம், பழைய குற்றம் எதுவுமில்லை என்ற விபரம் ஆகியவற்றோடு எழுந்து நின்றால் சில நீதவான்கள் காது கொடுக்கிறார்கள்.

பொகவந்தலாவைப் பையன் ஒருவனை அப்படி விட்டார்கள். ‘ஐஸ்’ போதைப்பொருள் வைத்திருந்தான் என்பது குற்றச்சாட்டு, தன்னுடையதல்ல என்பது அவன் பேச்சு. தலைமறைவாகிவிடுவான் என்று சொன்னார்களே, ஒரு தவணை தவறவில்லை. விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு நீதிமன்றம் திறக்குமுன் வாசலில் நிற்கிறான். பிடிபட்டது போதைப்பொருள்தானா என்று சொல்ல வேண்டிய அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கைதான் இன்னும் வரவில்லை.