ஸ்கேல் மாடல் கட்ட வைப்பது எது?

ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை அகலம் 11.23 மீட்டர். அதைச் சுருக்கிப் பிளாஸ்டிக் துண்டுகளால் ஒட்டிக் கட்டுவதுதான் ஸ்கேல் மாடல்: 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்காக, அது 15.6 செ.மீ., 1/48-ல் 23.4. அவ்வளவு பெரிய இயந்திரத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம் என்பதுதான் முதல் ஈர்ப்பு. அது மட்டுமே என்றால் கட்டி முடித்ததையே வாங்கிவிடலாமே! விடாமல் பிடித்து வைப்பது வேலையில் வரும் சிக்கல்கள்தான்.

உடற்பகுதியின் இரு பாதிகள் சேரும் கோட்டையே எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் சிமென்ட் என்ற பசை, மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து இணைக்கிறது. விளிம்பில் விட்டு அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் லேசாகப் பிதுங்கும். துடைக்கக் கூடாது. ஒரு நாளாவது காயவிட்டு, 400, 600, 1000 என நைசாகிக்கொண்டே போகும் வரிசையில் வாட்டர் பேப்பரை (உப்புத்தாள்) நனைத்துத் தேய்த்தால் கோடு மறையும். அவசரப்பட்டால் உள்ளே இறுகாத பிளாஸ்டிக் பிறகு சுருங்கும்; பெயின்ட் அடித்ததும் பள்ளம் பல்லிளிக்கும்.

டெக்காலும் (சின்னங்கள், எண்கள் அச்சிட்ட, நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலம்) அப்படித்தான். மேட், அதாவது பளபளப்பில்லாத பெயின்டின் சொரசொரப்பில் காற்று சிக்கி, ஓரமெல்லாம் வெள்ளியாக மினுங்கும். அதனால் முதலில் பளபளப்பான (gloss) வார்னிஷ், அப்புறம் டெக்கால், கடைசியில் மேட் வார்னிஷ்.

இன்னொரு கூட்டத்துக்கு ஆராய்ச்சிதான் போதை. எந்தப் படைப்பிரிவு, எந்த மாதம், என்ன நிறம் என்று பழைய படங்களைத் துருவுவார்கள்; கட்ட வேண்டிய கிட் (பாகங்களின் தொகுப்பு) பெட்டிக்குள்ளேயே கிடக்கும். (கட்டாத கிட் பெட்டிகளைச் சேர்ப்பது தனிப் பொழுதுபோக்கு என்றே நினைக்கிறேன்.)

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 1/35 டாங்கி நல்லது. பசை பட்டுக் கெட, விமானத்தில் இருப்பது போன்ற கண்ணாடி மூடி கிடையாது, சின்னத் தவறுகளைச் சேற்றுப் பூச்சு மறைத்துவிடும். ஆனால் சக்கரங்களைச் சுற்றும் சங்கிலிப் பட்டை, ஒவ்வொரு கண்ணியாகக் கோர்க்க வேண்டாதபடி, ஒற்றைத் துண்டாக வரும் கிட்டாகப் பாருங்கள்.