பழைய கைபேசியை அழிக்கும் முன்

ஆண்ட்ராய்டு கைபேசியில் பேக்கப்பை இயக்கிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் கூகுள் கணக்கில் பத்திரமாகச் சேர்ந்துவிடும் என்றுதான் என் உறவினர்கள் பலரும் நம்புகிறார்கள். வீட்டில் யார் கைபேசி மாற்றினாலும் அந்த வேலை என்னிடம் வந்து சேர்வதால், அந்த நம்பிக்கை எங்கே பொய்த்துப்போகிறது என்பதை ஒருமுறை விரிவாக எழுதிவிட நினைத்தேன்.

செயலிகளின் தரவு தானாகவே சேமிக்கப்படும் வசதி 2015-இல் வெளியான ஆண்ட்ராய்டு 6 முதல் இருக்கிறது. ஆனால் ஒரு செயலிக்கு 25 எம்பிதான் வரம்பு. செயலியை உருவாக்கியவர்கள் தங்கள் தரவைச் சேமிக்க வேண்டாம் என்று தடுத்தும் வைக்கலாம். அதனால் புதிய கைபேசியில் சின்னங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றாலும், பலவற்றைத் திறந்தால் கடவுச்சொல்தான் கேட்கும். யுபிஐ செயலிகளில் சிம்மைப் புதிதாகச் சரிபார்த்தே தீர வேண்டும்; பணத்தைக் காக்கும் ஏற்பாடு என்பதால் இதில் எனக்குக் குறையில்லை.

இந்தத் தானியங்கிச் சேமிப்பு பொதுவாகக் கைபேசி வைஃபையில் இணைந்து, சார்ஜ் ஏறிக்கொண்டு, பயன்பாட்டில் இல்லாமல் இருக்கும் வேளையில்தான் நடக்கிறது. மொபைல் டேட்டாவை மட்டுமே நம்பியிருக்கும் வீடுகளில் மாதக்கணக்கில் எதுவும் சேமிக்கப்படாமலே இருக்கக்கூடும். ஆகவே செட்டிங்ஸில் கடைசியாகச் சேமித்த தேதியைப் பார்த்து, பழையதாக இருந்தால் உடனே சேமிக்கச் சொல்லும் பொத்தானை அழுத்துங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் இந்தத் தரவு திரைப்பூட்டின் பின் (PIN) எண்ணையோ பேட்டர்னையோ கொண்டு மறையாக்கம், அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றி வைத்தல், செய்யப்படுவதால், மீட்கும்போது பழைய கைபேசியின் பூட்டைக் கேட்கும். பெரியவர்களின் கைபேசி என்றால் அதை முன்கூட்டியே கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது.

வாட்ஸ்அப்பின் கதை முற்றிலும் தனி. அதற்கான பேக்கப்பை அந்தச் செயலிக்குள்ளேயே சென்று அமைக்க வேண்டும். மீட்பதற்கு அதே தொலைபேசி எண்ணும் அதே கூகுள் கணக்கும் தேவை. முன்பு அந்த பேக்கப் கூகுளின் இணையச் சேமிப்பிடமான டிரைவின் இடத்தில் கணக்கிடப்படவில்லை. இப்போது இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபிக்குள் அதுவும் அடங்குகிறது. புகைப்படங்களால் அந்த இடம் நிரம்பிவிட்டால் உரையாடல்கள் சேமிக்கப்படுவதும் நின்றுவிடும். வீடியோக்களைச் சேர்க்காமல் விட்டாலே பெரும்பாலும் இடம் போதுமானதாகிவிடும்.

புதிய கைபேசியில் எண்ணைச் சரிபார்த்ததும் வரும் 'மீட்டெடு' என்ற திரையில்தான் மிகுந்த கவனம் தேவை. அவசரத்தில் அதைத் தவிர்த்துவிட்டுப் புதிதாக உரையாடத் தொடங்கினால், அடுத்த பேக்கப் டிரைவில் இருக்கும் பழையதன் மேல் எழுதப்பட்டுவிடும். பல ஆண்டு உரையாடல்கள் அத்தோடு போயின. தெரியாமல் தவிர்த்திருந்தால், அடுத்த பேக்கப் நடப்பதற்குள் செயலியை நீக்கி மீண்டும் நிறுவுங்கள். 2021 முதல் கிடைக்கும் முழு மறையாக்கத்தை இயக்கியிருப்பவர்கள் அதன் கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ தொலைத்துவிட்டால், வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது.

கைபேசியைப் பயன்படுத்தாமல் 57 நாட்கள் கிடப்பில் போட்டால் கூகுள் அதன் பேக்கப்பை அழித்துவிடலாம் என்பதால், மாற்றும் வேலையை நீண்ட நாள் தள்ளிப்போடாதீர்கள். புதியதில் எல்லாம் வந்த பிறகும், வாட்ஸ்அப்பில் சில ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் உரையாடலைத் தேடிப் பார்த்து, தொடர்புப் பட்டியலையும் குறுஞ்செய்திகளையும் சரிபார்த்து, வங்கிச் செயலியில் ஒருமுறை உள்நுழைந்த பின்னரே பழைய கைபேசியில் இருப்பதையெல்லாம் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட்டைச் செய்யுங்கள்.