அப்பாவின் கணினியும் அக்டோபர் 14-உம்

தீபாவளிக்குக் கும்பகோணம் போய் இறங்கினேன், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அப்பா கேட்ட முதல் கேள்வி: "கம்ப்யூட்டர்ல ஏதோ கெடு முடிஞ்சிடுச்சுன்னு வருதேடா, இனிமே ஓடாதா?" ஒரு வாரமாக அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் கணினி விஷயத்தைப் போனில் பேசினால் இரண்டு பக்கமும் பாதிதான் புரியும் என்பது எங்களுக்குப் பல வருட அனுபவம்.

ஓடும் என்று முதலில் சொன்னேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்றால், மறுநாள் காலை கணினி கண் திறக்காது என்று பொருள் இல்லை. மாதா மாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும். கேட்க இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பரவியபோது அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள், அதில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். 2014-லேயே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அதனால் "வீட்டுக் கம்ப்யூட்டர்தானே, நம்மை யார் தேடி வரப்போகிறார்கள்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. யாரும் தேடி வர வேண்டாம், திறந்த கதவு எங்கே இருக்கிறது என்று தானாகவே தட்டிப் பார்த்துக்கொண்டு போகும் நிரல்கள் அவை. அப்பா அந்தக் கணினியில்தான் வங்கிக் கணக்கையும் திறந்து பார்க்கிறார்.

சரி, விண்டோஸ் 11-க்கு ஏற்றிவிடலாமே என்றால் அங்கேதான் சிக்கல். அந்தக் கணினி 2017 தொடக்கத்தில் கடையில் அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் ஐ5-7400 ப்ராசஸர், முதலில் 4 ஜி.பி. ரேம், பிறகு நான் இன்னொரு நான்கைச் சேர்த்தேன், ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர்களின் பட்டியலில் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம், இது ஏழாம் தலைமுறை. எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் அதே 2017-இல் அக்டோபரில் வெளிவந்தவை. சில மாதம் பொறுத்து வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ஏழாம் தலைமுறையிலும் சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-இல் இருக்கும் ஐ7-7820எச்க்யூ மாதிரி மிகச் சிலவற்றைப் பட்டியலில் சேர்த்தார்கள், ஐ5-7400 அதில் இல்லை.

மற்ற தடைகளைத் தாண்டிவிடலாம். ரகசியச் சாவிகளைக் காக்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் இல்லை என்று பரிசோதனை நிரல் சொன்னது, ஆனால் அந்தக் காலத்து இன்டெல் மதர்போர்டுகளில் பெரும்பாலும் அது ப்ராசஸர் பக்கமே பி.டி.டி. என்ற பெயரில் அணைந்து கிடக்கும், கணினி தொடங்கும்போது நுழையும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் இயக்கினால் போதும். நம்பகமான நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டுக்கு, வட்டின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் முறை எம்.பி.ஆர்.-இலிருந்து ஜி.பி.டி.-க்கு மாற வேண்டும், தகவலை அழிக்காமல் மாற்றும் கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ப்ராசஸரைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. "அதை மட்டும் கழற்றி எட்டாம் தலைமுறையைப் போட்டுவிட்டால்?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி, ஏனென்றால் இரண்டுக்கும் சாக்கெட் பெயர் ஒன்றேதான், எல்.ஜி.ஏ. 1151. ஆனால் எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டு வேண்டும், பழைய போர்டில் அது வேலை செய்யாது. போர்டையும் மாற்றி ப்ராசஸரையும் மாற்றினால் பிறகு மிச்சம் இருப்பது பெட்டிதான்.

பட்டியலில் இல்லாத கணினியிலும் விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடலாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்தும் செய்யலாம், ரூஃபஸ் என்ற நிரலைப் போட்டு யூ.எஸ்.பி. தயாரித்தும் செய்யலாம். என் சொந்த மடிக்கணினியாக இருந்திருந்தால் அன்று மாலையே செய்திருப்பேன். அப்பாவின் கணினியில் செய்ய மனம் வரவில்லை. அப்படி ஏற்றிய கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. மாதத் திருத்தங்கள் நடைமுறையில் வந்துவிடுகின்றன என்றே வைத்துக்கொள்வோம், வருடம் ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து கையால் தள்ள வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது பாப்கவுன்ட் என்ற கட்டளை இல்லாத பழைய ப்ராசஸர்களில், கோர் 2 டுவோ மாதிரியானவற்றில், பூட் ஆவதே நின்றுபோனது. அப்பாவின் ப்ராசஸரில் அது இருக்கிறது. அடுத்த பதிப்பு வேறு எதைக் கேட்குமோ. நான் சென்னையில் இருக்கிறேன், ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஒரு காலை நேரத்தில் திரை நீலமாகி நின்றால் அவர் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

இதையெல்லாம் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான், அப்பா அந்தக் கணினியில் உண்மையில் என்னென்ன செய்கிறார் என்று நான் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்பது உறைத்தது. தீபாவளிக்கு மறுநாள் காலை, காபியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்கப்பா" என்றேன்.

அவர் ஓய்வூதியர் சங்கத்தில் செயலாளர். சுற்றறிக்கை, மனு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் அவர் கையால்தான். அந்த நாளிலேயே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்துத் தமிழ் ஹையர் பாஸ் செய்தவர், இன்றும் தட்டச்சு இயந்திர விசை அமைப்பில்தான் அடிக்கிறார், என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு நிரல் வழியாக. விசைப்பலகையைப் பார்ப்பதே இல்லை. அடித்ததும் பிரிண்ட், பழைய லேசர் பிரிண்டர் ஒன்று, கணினியைவிட வயதானது. மின்னஞ்சலில் அனுப்பினால் யாரும் படிப்பதில்லை, கையில் தாளாகக் கொடுத்தால்தான் படிக்கிறார்கள் என்பது அவர் கட்சி. அப்புறம் செய்தித்தாள், வங்கி, பேரப்பிள்ளைகள் படம்.

இன்னொரு கோப்பும் இருக்கிறது. பாட்டி உயிரோடு இருந்தபோது, 2006 வாக்கில், அவர் சொல்லச் சொல்ல அப்பா அடித்து வைத்த குடும்பக் கதை. கல்யாணம், வெள்ளம், விற்ற நிலம், பிறந்து இறந்த குழந்தைகள், எல்லாம் பாட்டியின் பேச்சுவாக்கிலேயே. 84 பக்கம். கடைசியில் அப்பாவே கையால் போட்ட பொருளடக்கம், எந்த ஊர் எந்தப் பக்கம், எந்தப் பெயர் எந்தப் பக்கம் என்று. அது, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய பழக்கத்தில், பாமினி எழுத்துருவில் அடித்தது. இளையவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: பாமினி மாதிரியான எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். பாட்டியின் கதை முழுவதும் அப்படி ஒரு எழுத்துருவை நம்பி உட்கார்ந்திருக்கிறது.

அன்று மத்தியானம், விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை யூ.எஸ்.பி.யில் ஏற்றி, வட்டைத் தொடாமல், அப்படியே இயக்கிக் காட்டினேன். எனக்கு மின்ட் மீது நல்ல அபிப்பிராயம் உண்டு, சொந்த வேலைக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் வரும், பழைய கணினியில் லேசாக ஓடும், காசு கிடையாது. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில் எம்17என் தொகுப்பைச் சேர்த்ததும் தமிழ்த் தட்டச்சு அமைப்பும் கிடைத்தது. அப்பா இரண்டு வரி அடித்துப் பார்த்தார், ஓரிரு குறிகள் மட்டும் இடம் மாறி விழுந்தன, மற்றபடி விரல் ஓடியது. "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் பெரிய பாராட்டு.

பாட்டியின் கோப்பைத் திறந்தேன். முதலில் ஆங்கிலக் குப்பை. பாமினி எழுத்துருவை நகலெடுத்துப் போட்டதும் தமிழ் வந்துவிட்டது. எனக்கு நிம்மதி. அப்பா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கீழே பார்த்தார். "91-னு காட்டுது. இது 84 பக்கம்டா." மின்ட்டில் வேர்டின் இடத்தில் இருக்கும் லிப்ரே ஆபிஸ் வரிகளைக் கொஞ்சம் வேறு மாதிரி உடைத்திருந்தது. ஒரு எழுத்தும் தொலையவில்லை, ஆனால் அவர் கையால் போட்ட பொருளடக்கம் முழுவதும் தவறாகிவிட்டது. சரிசெய்துவிடலாம் என்று நான் சொன்னதை அவர் மறுக்கவில்லை, சற்று நேரம் ஒன்றும் பேசாமல் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தை நான் மறக்க மாட்டேன்.

பிரிண்டர் சுத்தமாக ஒத்துழைக்கவில்லை. பி.சி.எல்., போஸ்ட்ஸ்கிரிப்ட் மாதிரிப் பொது மொழி எதுவும் பேசாத, தனக்கென்று ஒரு மொழி வைத்திருக்கும் வகை அது. லினக்ஸுக்கான டிரைவர் பழையது, இரண்டு மணி நேரம் போராடி ஒரு வெள்ளைத் தாளை வரவழைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். பிரிண்ட் வராத கணினி அப்பாவுக்கு எதற்கு?

புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்பதும் மனதில் இருந்தது. முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும், அதைவிட, நன்றாக ஓடும் ஒன்றை ஓரங்கட்ட எனக்கு மனம் இல்லை, அப்பாவுக்குச் சுத்தமாக இல்லை.

கடைசியில் செய்தது இதுதான். விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொண்டு, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் என்று தனிநபர்களுக்குக் கொடுக்கும் திட்டத்தில் அந்தக் கணினியைச் சேர்த்தேன். 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். முப்பது டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் ஆயிரம் கொடுக்கலாம், அல்லது அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் இலவசம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். கோப்புகள் எல்லாம் மேகத்துக்கு, அதாவது இணையச் சேமிப்பிடத்துக்குப் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள், ஆவணங்கள், படங்கள் கோப்புறைகளை அணைத்துவிட்டு அமைப்புகளை மட்டும் அனுப்பினால் போதும். விண்டோஸ் 10-இல் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை, அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். அப்பா இதுவரை உள்ளூர்க் கணக்கில்தான் நுழைந்துகொண்டிருந்தார், இப்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு, நுழைய ஒரு பின் எண். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் நாலைந்து தடவை செய்து பழக்கினேன்.

அதோடு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. வட்டு ஒன்றைப் போட்டேன், 480 ஜி.பி., மூவாயிரத்துச் சொச்சம். பழைய வட்டில் இருந்ததை அப்படியே நகலெடுத்தோம், டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான்கூட இடம் மாறவில்லை. வட்டை மாற்றினால் விண்டோஸ் உரிமம் போய்விடுமோ என்று தம்பி கேட்டான், டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு ஒட்டியது, போகாது. முன்பு ஆன் செய்துவிட்டு அப்பா சாமி கும்பிடப் போவாராம், திரும்பி வரும்போது தயாராக இருக்கும். இப்போது உட்காருவதற்குள் வந்துவிடுகிறது. எட்டு வருடத்தில் இதை நான் முன்பே செய்திருக்க வேண்டும்.

கழற்றிய பழைய வட்டைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். பாட்டியின் கோப்பை மூன்று இடத்தில் நகலெடுத்து, எழுத்துருவையும் கூடவே வைத்து, 84 பக்கமாகவே ஒரு பி.டி.எஃப்.-உம் எடுத்துக்கொண்டேன். யூனிகோடுக்கு மாற்றும் வேலையை நான் பொங்கல் விடுமுறையில் எடுத்துச் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்முன் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: உங்கள் விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது, நாங்கள் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், இந்தச் செயலியைப் போடுங்கள் என்று யார் போன் செய்தாலும் வைத்துவிடுங்கள். எந்தக் கம்பெனியும் அப்படிக் கூப்பிடாது. திருத்தங்கள் எத்தனை வந்தாலும் அந்தப் போனைத் தடுக்க முடியாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள், இந்த வருடம் அவசியம் சொல்லுங்கள்.

நீட்டிப்புத் திட்டத்தின் முதல் மாதத் திருத்தம் நவம்பர் 11-ஆம் தேதி வெளியானது. புதன்கிழமை காலை அப்பா கூப்பிட்டார். "ஏதோ அப்டேட்னு சொல்லி தானாவே ஆஃப் ஆகி ஆன் ஆச்சு. பாட்டி ஃபைலைத் திறந்து பாத்தேன், 84 பக்கம் இருக்கு." அப்புறம், "டோனர் தீரப்போகுது, வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார். கொஞ்சம் பொறுங்கள் அப்பா என்றேன். அடுத்த அக்டோபருக்குள் மின்ட்டுக்குப் போவதாக இருந்தால் முதலில் மாற வேண்டியது அந்தப் பிரிண்டர்தான், டோனருக்குக் கொடுக்கும் காசைப் புதியதற்கு வைத்துக்கொள்ளலாம். பொங்கலுக்குப் போகும்போது இரண்டு மூன்று மாடல்களைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.