பிள்ளை கூட்டும் பேராக் நிலமும்

பிள்ளை கூட்டிய, அதாவது சுவீகாரம் எடுத்த, வீட்டில் மலேசியச் சொத்து இருந்தால், பங்கு பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அங்கே இருப்பது நிலமா, பணமா? காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இதை யாரும் முதலில் சொல்வதில்லை. “மூணு பேர் வாரிசு, ஆளுக்கு எவ்வளவு?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நிலமா பணமா என்று தெரியாமல் அந்தக் கணக்கைப் போடவே முடியாது.

உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவர்களின் சொத்துக்கு அங்கே 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம். அதன் 4-ஆம் பிரிவு சொத்தை இரண்டாக வகுத்துவிடுகிறது. வங்கி டெபாசிட், பங்குகள் போன்ற அசையும் சொத்து, இறந்தவர் எந்த நாட்டைத் தம் நிரந்தர வாழிடமாகக் கொண்டிருந்தாரோ அந்த நாட்டுச் சட்டப்படி போகும். நிலமும் கட்டடமும், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், மலேசியச் சட்டப்படிதான் போகும். அந்தச் சட்டத்தில் ‘பிள்ளை’ என்றால் யார் என்பதற்கு விளக்கம் இருக்கிறது. சுவீகாரப் பிள்ளை அதில் வர வேண்டுமானால், 1952-ஆம் ஆண்டின் அந்நாட்டுச் சுவீகாரச் சட்டப்படி கூட்டப்பட்ட பிள்ளையாக இருக்க வேண்டும். அந்தச் சட்டப்படி என்றால் அங்குள்ள நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்க வேண்டும். கூட்டுகிறவர்கள் அங்கே வசிப்பவர்களாகவும் இருக்க வேண்டும். கோயில் மாலை வந்து, பங்காளிகள் கூடி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமும் பதிவான நம் ஊர்ப் பிள்ளைகூட்டு அதில் அடங்காது.

நம் பக்கம் இதற்கு நேர் எதிர். 1956-ஆம் ஆண்டின் இந்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி, கூட்டிய நாளிலிருந்து அவன் எல்லா வகையிலும் அந்த வீட்டுப் பிள்ளை. கொடுத்தவரும் எடுத்தவரும் கையெழுத்திட்டுப் பதிவான பத்திரம் இருந்தால், சுவீகாரம் முறைப்படி நடந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும் என்கிறது 16-ஆம் பிரிவு. பதினைந்து வயது தாண்டியவனையும் கல்யாணமானவனையும் கூட்டக் கூடாது என்பது பொது விதி, ஆனால் வழக்கம் இருந்தால் விலக்கு உண்டு. கல்யாணத்தை ஒட்டிப் பெரிய பையனைக் கூட்டும் வீடுகள் அந்த விலக்கை நம்பித்தான் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீடுகளில் வழக்கத்தை நிரூபிக்கும் ஆவணங்களையும் கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும்.

நான் சொல்ல வந்த வீட்டில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. சிறு வயதிலேயே கூட்டியது, பதிவான பத்திரமும் இருக்கிறது. இறந்தவரின் அப்பச்சியும் ஆத்தாவும் (தந்தையும் தாயும்) முன்பே போய்விட்டார்கள். மிச்சம் அவர் மனைவியான ஆச்சியும், கூட்டிய மகனும். பேராக் மாநிலத்தில் கொண்டுவிக்கப் போன (கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போன) காலத்து ரப்பர் நிலம் கொஞ்சம், ஈப்போவில் ஒரு வங்கியில் பிக்சட் டெபாசிட். உயில் இல்லை.

கணக்கு இப்படி வருகிறது. டெபாசிட்டுக்கு நம் இந்து வாரிசுரிமைச் சட்டம், ஆச்சிக்குப் பாதி, மகனுக்குப் பாதி. நிலத்துக்கு அவர்கள் சட்டம். அதன்படி இறந்தவருக்குப் பிள்ளையும் இல்லை, பெற்றோரும் இல்லை, ஆகவே முழுவதும் மனைவிக்கு. (பெற்ற பிள்ளையாக இருந்திருந்தால் நிலத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைக்கு மூன்றில் இரண்டும் போயிருக்கும். கொழும்புச் சொத்தாக இருந்தால் அங்குள்ள பொதுச் சட்டப்படி மனைவிக்குப் பாதி. ஒரே ஆள் மூன்று நாட்டில் நிலம் வைத்துவிட்டுப் போனால் அந்தந்த நாட்டுச் சட்டப்படி பிரியும்.)

ஈப்போ வழக்கறிஞர் அனுப்பிய பிரமாணப் பத்திரத்தின் வரைவில் ஆறாவது பத்தி ஒரே வரி. ‘இறந்தவருக்கு மனைவி மட்டுமே உண்டு, பிள்ளைகள் இல்லை.’ அவர்கள் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆங்கிலம் தெரியாதவர் கையெழுத்திடும் பத்திரத்தை அவருக்குத் தெரிந்த மொழியில் முழுக்கப் படித்துக் காட்ட வேண்டும். அவர் புரிந்துகொண்டார் என்ற குறிப்பும் நோட்டரியின் கையெழுத்துக்கு மேலே இருக்க வேண்டும். அந்தக் குறிப்பு விடுபட்டால் பத்திரம் திரும்பி வந்துவிடலாம். ஆகவே படித்தேன். மகன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆச்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். “தம்பி, அவுக செத்தன்னைக்கு கொள்ளி வச்சது இவன். பிள்ளை இல்லைன்னு நான் எப்புடி சத்தியம் பண்ணுவேன்?”

“ஆச்சி, இது அந்த ஊர் நிலத்துக்கு மட்டும். பேங்குப் பணத்துக்கு இவுகதான் பிள்ளைன்னு நானே தனியா எழுதிக் கொடுக்கிறேன்.”

“ரெண்டும் ஒரே கோப்புலதானே போகுது?”

ஆமாம், ஒரே கோப்புதான். நிலம் உள்ள, உயில் இல்லாத சொத்து ஒரு வரம்புக்குள் இருந்தால் அங்கே உயர் நீதிமன்றம் போகத் தேவையில்லை. 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி மாவட்ட நில நிர்வாகியிடமே மனுப் போட்டு, அவர் விசாரித்து உத்தரவிடுவார். அந்த வரம்பு முன்பு 20 லட்சம் ரிங்கிட். இப்போது உயர்த்தியிருக்கிறார்கள். டெபாசிட்டையும் அதே மனுவில் சேர்த்துவிடலாம். அப்படிச் சேர்க்கும்போது, ‘இந்தியச் சட்டப்படி இவர் மகன்’ என்ற என் சட்டக் கருத்துரையும் ‘பிள்ளைகள் இல்லை’ என்ற ஆச்சியின் பிரமாணமும் ஒரே நூலில் கட்டப்பட்டு ஒரே அதிகாரியின் மேசைக்குப் போகும்.

இந்த இடத்தில்தான் குடும்பத்துக்கு வேண்டிய ஒருவர் குறுக்குவழி சொன்னார். “மகன்னே போட்டுருங்க. பாஸ்போர்ட்டுல அப்பா பேரு இவரு பேருதான். தாசில்தார் குடுத்த வாரிசுச் சான்றிதழ்லயும் மகன்னுதான் இருக்கு. சுவீகாரப் பேச்சையே எடுக்க வேண்டாம். அங்க யாரு தோண்டப் போறா?”

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த முடிவைத்தான் இன்னும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒத்துக்கொள்ளாததற்குக் காரணங்கள் உறுதியானவை. வாரிசுச் சான்றிதழ் நம் வருவாய்த் துறை தருவது. யார் யார் குடும்பத்தினர் என்பதற்கு அது அங்கே ஒரு சான்றாகலாமே தவிர, அங்குள்ள நிலம் யாருக்கு என்பதை அது தீர்மானிக்காது. சிவகங்கை மாவட்ட நீதிமன்றத்தில் பாகப்பிரிவினைத் தீர்ப்பாணை (டிகிரி) வாங்கி வந்தாலும் அந்த நிலத்தை அசைக்காது. மலேசியாவும் நாமும் ஒருவர் தீர்ப்பை மற்றவர் நிறைவேற்றிக் கொடுக்க ஏற்பாடு உண்டு, நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு அதற்குத்தான். ஆனால் அது பணம் கொடுக்கச் சொல்லும் தீர்ப்புகளுக்கு. நிலத்தைப் பற்றி நிலம் இருக்கும் ஊர்தான் பேசும். பிறகு, சுவீகாரத்தை மறைத்து எழுதினால் அது தெரிந்தே செய்த பொய்ப் பிரமாணம். மகன் நாளைக்கு விற்கப் போகும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் பிறப்புச் சான்றிதழ் கேட்டால், அதில் பெற்றவர்கள் பெயர் இருந்தால், பட்டாவே கேள்விக்குள்ளாகும்.

எல்லாம் சரி. ஆனால் மறைத்திருந்தால் யாருக்கு நஷ்டம்? நிலம் முழுவதற்கும் உரிய ஒரே ஆள் ஆச்சி. மகனுக்குப் பங்கு போக வேண்டும் என்று விரும்பியதும் ஆச்சிதான். பங்காளிகளுக்கு அதில் ஒரு பிடி மண்கூட வராது. அந்தச் சட்டம் யாரைக் காப்பாற்ற எழுதப்பட்டதோ அவரே வேண்டாம் என்கிறார். அந்த நிலையில் நான் காத்தது யாருடைய உரிமையை? இந்தக் கேள்விக்கு என்னிடம் தொழில்முறைப் பதில் இருக்கிறது. அந்தப் பதிலை ஆச்சியின் முன் வைத்தால் அது சிறிதாகத்தான் தெரிகிறது.

மகனை வாரிசுப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியதன் விலை சின்னதும் அல்ல. ஆச்சி பெயருக்கு வந்த நிலத்தைப் பின்னால் மகனுக்குத் தானமாக எழுத வேண்டுமானால், வெளிநாட்டுக் குடிமக்களுக்கு மாற்றும் நிலம் என்பதால் தேசிய நிலச் சட்டத்தின் 433பி பிரிவுப்படி மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கும், கிடைக்காது என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

கடைசியில் ஆறாவது பத்தியை ஈப்போவுடன் பேசி மாற்றி எழுதினேன். ‘இறந்தவருக்குப் பெற்ற பிள்ளைகள் இல்லை. இன்ன தேதியில் பதிவான பத்திரப்படி, இந்துச் சட்டத்தின் கீழ் இன்னாரைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி உத்தரவு ஏதும் பெறப்படவில்லை.’ மூன்றும் நடந்தது நடந்தபடி. சட்டத்தின் முடிவை ஆச்சியின் வாயில் திணிக்காமல், நடந்ததை மட்டும் ஆச்சி சொல்ல, முடிவை அதிகாரி எழுதட்டும் என்பது என் எண்ணம். இப்படிப்பட்ட கோப்புகளில் வரைவு எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதையே. பிரமாணத்தில் நிகழ்வை எழுதுங்கள், உறவு செல்லுமா செல்லாதா என்பதைக் கருத்துரையில் எழுதுங்கள். ஆச்சி மூன்றாவது வரியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் விலாசத்தோடு (பெயருக்கு முன் வரும் குடும்ப முன்னெழுத்துகளோடு) தமிழில் கையெழுத்திட்டார்கள். மகன், “ஆத்தா பேருக்கே வரட்டும்ணே” என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. அது சம்மதமா, வருத்தமா என்று நான் கேட்கவும் இல்லை.

கருத்துரையில் கடினமான பகுதி சுவீகாரம் அல்ல, நிரந்தர வாழிடம். டெபாசிட்டுக்கு இந்தியச் சட்டம் என்று சொல்வதே, அவர் செட்டிநாட்டை வாழிடமாகக் கொண்டிருந்தார் என்ற தூணின் மேல் நிற்கிறது. சிவப்பு ஐ.சி. (மலேசிய நிரந்தரவாசி அட்டை) வைத்திருந்தவர், பல காலம் அங்கே இருந்தவர் என்றால் அந்தத் தூண் ஆடும். அது சரிந்தால் டெபாசிட்டும் மலேசியச் சட்டத்துக்குள் போய், மகனுக்கு அதிலும் ஒன்றும் இல்லாமல் போகும். வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை, இங்கே வீட்டைப் பழுதுபார்த்த ரசீதுகள், வருமான வரிக் கணக்கு, கோயில் புள்ளி வரி (குடும்பக் கணக்கில் ஊர்க் கோயிலுக்குக் கட்டுவது) கட்டிய சீட்டு என்று எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கினோம். இதில் புள்ளிச் சீட்டை அந்த அதிகாரிக்கு விளக்க ஒரு முழுப் பக்கம் தேவைப்பட்டது. தயங்காமல் எழுதலாம். ஊரோடு ஒட்டியிருந்தார் என்பதற்கு அதைவிடத் தொடர்ச்சியான சான்று பல வீடுகளில் கிடைக்காது.

பெயர் இன்னொரு தலைவலி. பழைய கிராண்டில் (அங்குள்ள நிலப் பட்டாவில்) விலாசத்தின் எழுத்துகள் ஒரு மாதிரி, இறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால். எல்லாம் ஒரே ஆள்தான் என்று தனிப் பிரமாணம் ஒன்று முதலிலேயே போட்டுவிடுவது நல்லது. விசாரணை நாளில் கேட்டால் தவணைதான். 1991 நவம்பர் 1-க்கு முன் இறந்தவர் என்றால் அப்போது அங்கே இருந்த மரண வரிக்கான சான்றும் தேட வேண்டும். இங்கேயும் ஒரு கடமை உண்டு. வெளிநாட்டுச் சொத்து கைக்கு வந்த வருடத்திலிருந்து வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். வருமானமே இல்லாத நிலம்தானே என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

உத்தரவு எதிர்பார்த்தபடியே வந்தது. நிலம் ஆச்சிக்கு, டெபாசிட் இருவருக்கும் சரிபாதி. கருத்துரையை ஏற்றுக்கொண்டார்கள் என்பதில் எனக்கு நிறைவுதான். ஆனால் மகன் பெயர் வரும் பக்கமும் வராத பக்கமும் ஒரே உத்தரவில் அடுத்தடுத்து இருப்பதை ஆச்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

இனி மிச்சம் இருப்பது உயில். நிலம் மகனுக்குப் போக நேரான வழி அதுதான். உயிலில் பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டால் அவர் சட்டப்படி பிள்ளையா என்ற கேள்வியே எழாது. அந்த நிலத்துக்கு மட்டும் தனி உயில், மலேசிய உயில் சட்டத்துக்குப் பொருந்தும்படி. நம் சட்டத்தில் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அங்கே இருவரும் சேர்ந்து இருக்கும்போது கையெழுத்தாக வேண்டும் என்பதால், இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தே முடிப்பது நல்லது. இங்கே இந்து உயிலில் பயன் பெறுகிறவர் சாட்சி போட்டாலும் அவர் பங்கு போகாது, அங்கே போய்விடும், அவருடைய மனைவி சாட்சி போட்டாலும் போய்விடும். மருமகளைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது என்று நாலு முறை சொல்லியிருக்கிறேன். இங்குள்ள சொத்துக்குப் பின்னால் உயில் எழுதும்போது ‘முந்தைய உயில்கள் எல்லாம் ரத்து’ என்ற வழக்கமான வரி இந்த உயிலையும் சேர்த்துத் துடைத்துவிடாமல் பார்க்க வேண்டும்.

வரைவில் பயன் பெறுகிறவரைப் பெயர், பாஸ்போர்ட் எண், முகவரி என்று மட்டும் எழுதியிருந்தேன். உறவு எழுதினால் அது யார், எப்படி என்று ஒரு கேள்விக்கு வாசல் திறப்பானேன் என்பதுதான் என் கணக்கு. ஆச்சி ‘என் மகன்’ என்று சேர்க்கச் சொல்கிறார்கள். பெயரும் எண்ணும் தெளிவாக இருக்கும்போது அந்த இரண்டு சொல்லால் உயில் செல்லாமல் போகாது என்று ஈப்போவும் சொல்கிறது. சேர்த்துவிட்டேன். வேறு ஒருவர் வீட்டு உயிலாக இருந்தால் வேண்டாம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். சாட்சிகள் இருவரும் ஒரே நாளில் வர இன்னும் தோது அமையவில்லை.