செங்களிமண்ணில் அறுகம்புல்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பீட்மான்ட் என்ற பகுதியில் வீடு வாங்கியபோது, கட்டுமான இயந்திரங்கள் ஏறி இறங்கி இறுகிப்போன செங்களிமண்ணும் சேர்ந்தே வந்தது. ஸ்க்ரூடிரைவரை எவ்வளவு அழுத்தினாலும் ஒரு விரற்கடைக்கு மேல் இறங்காது. மழைநீர் மண்ணுக்குள் செல்லாமல் சாலைக்கே ஓடிவிடும். புல்லின் வேருக்குக் காற்றே கிடைக்கவில்லை என்பதை அறியாமல், இரண்டு ஆண்டுகள் உரத்தையே கொட்டிக்கொண்டிருந்தோம்.

இந்த ஜூனில் வந்த புல்வெளிப் பராமரிப்பாளர், முந்தைய நாளே நீர் பாய்ச்சச் சொல்லிவிட்டு, துளையிடும் இயந்திரத்தைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்ட, சுண்டுவிரல் பருமனில் 2 முதல் 3 அங்குல நீளமுள்ள மண் துண்டுகள் புல்மேல் வந்து விழுந்தன. அவை மழையில் தாமாகவே கரைந்துவிடும் என்பதால் அள்ளாமல் விட்டு, மேலே கால் அங்குலம் மட்கிய உரம் பரப்பினோம். மணல் தூவலாமா என்று கேட்டேன். களிமண்ணோடு சிறிதளவு மணல் சேர்ந்தால் செங்கல்லைப் போல் இறுகிவிடும் என்று உறுதியாக மறுத்தார்.

இங்கே பெர்முடா எனப்படுவது நம் அறுகம்புல்தான். அது வெயிலில் தழைப்பதால் கோடையின் தொடக்கத்தில் துளையிட வேண்டும். குளிரில் தழைக்கும் ஃபெஸ்க்யூ என்ற புல்லை வளர்ப்பவர்கள் தயவுசெய்து இலையுதிர்காலம் வரை காத்திருங்கள்.