எழுதும் முன் ஓட்டிப் பார்

தம்பி கழித்துப்போட்ட பழைய திங்க்பேட் லாப்டாப்பில் ஃப்ரீபிஎஸ்டி என்கிற இயங்குதளத்தைப் போடப் போகிறேன் என்றதும், "உபுண்டு போட்டுக்கோயேன் அக்கா, நிம்மதியா இருப்ப" என்றான். அவன் ஆபீஸ் சர்வர்களில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டிதான். சந்தேகம் கேட்க வீட்டிலேயே ஆள் இருக்கும்போது நான் ஏன் வேறு எதற்கோ போக வேண்டும்?

முதல் பயம் டிஸ்க். பென்டிரைவிலிருந்து ஓடும் இன்ஸ்டாலர் எதை அழிக்கப்போகிறது? அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது: பென்டிரைவ் டிஏ0, உள்ளே இருக்கும் சாட்டா எஸ்எஸ்டி ஏடிஏ0. யூசர் சேர்க்கும்போது வேறு குரூப்பில் சேர்க்கவா என்று ஒரு கேள்வி வரும். எல்லாரும் என்டர் தட்டிவிட்டுப் போகிற இடம் அது. அங்கே வீல், வீடியோ இரண்டையும் எழுதிவிடுங்கள். வீல் குரூப்பில் இருந்தால்தான் தேவைப்படும்போது அட்மினாக மாற முடியும். வீடியோ குரூப்பில் இல்லாத யூசருக்கு கிராபிக்ஸ் வேகம் கிடைக்காது.

ரீபூட் ஆனால் கருப்புத் திரை, லாகின் என்று ஒரு வரி, அவ்வளவுதான். பதற வேண்டாம், டெஸ்க்டாப் நாமாகப் போட்டுக்கொள்வது. பேக்கேஜ்களை இறக்குவது ஒரு கமாண்ட் வேலை. எனக்கு உதறலெடுத்தது அதற்கடுத்த கட்டத்தில்தான். ஏதாவது தப்பாகி மெஷின் பூட்டே ஆகாமல் போய்விட்டால்?

தம்பி சொன்ன ஒரே விதி: "எதையும் முதல்ல கையால ஓட்டிப் பாரு. அப்புறம் ஆர்சி.கான்ஃப்ல எழுது." அந்த ஃபைலில் இருப்பது ஒவ்வொரு பூட்டிலும் ஓடும். இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரான ஐ915கேஎம்எஸ்ஸை எடுத்த எடுப்பில் அதில் எழுதி, அது ஒத்துவராவிட்டால் ஒவ்வொரு முறையும் அங்கேயே முட்டி நிற்கும். கேஎல்டிலோடு என்ற கமாண்டால் கையால் ஏற்றிப் பார்த்தால், ஒத்துவராவிட்டாலும் பவர் பட்டனை அழுத்தி ரீபூட் செய்வதோடு போயிற்று. எனக்குத் திரை ஒரு நொடி இருண்டு, எழுத்துகள் பொடிப்பொடியாகத் திரும்பி வந்தன. டிரைவர் ஏறிவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

லாகின் திரைக்கும் இதே கதை. அந்தத் திரையைக் காட்டும் லைட்-டிஎம்மை உடனே பூட்டில் சேர்க்காமல், ஜன்னல்களைத் திரையில் காட்டும் எக்ஸைக் கையால் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் கமாண்டை அடித்துப் பார்த்தேன். எக்ஸ்இனிட்ஆர்சி ஃபைலில் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்பைத் தொடங்கச் சொல்லி ஒரு வரி இருந்தால் போதும். நடுவில் உறைந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 அழுத்தினால் பழைய கருப்புத் திரை, திரும்பிவர ஆல்ட், எஃப்9. இது தெரிந்த பிறகு பாதி நடுக்கம் போய்விட்டது.

எக்ஸ்எஃப்சிஇ 1996-லிருந்து இருக்கிறது. பார்க்கக் கொஞ்சம் பழசுதான், ஆனால் இந்த லாப்டாப்பின் ராமுக்கு இதற்குமேல் ஆசைப்படக் கூடாது. தமிழ்99 விசைப்பலகையும் எக்ஸிலேயே இருக்கிறது, தனி மென்பொருள் தேவைப்படவில்லை.

மூடியை மூடினால் தூங்கவைக்கும் வரியை மட்டும் எங்கும் எழுதவில்லை. ஏசிபிஐகான்ஃப் கமாண்டால் கையால் தூங்கவைத்துப் பார்த்தேன். விசிறி சுற்ற எழுந்தது, திரை எழவில்லை. இப்போதைக்கு ஷட்டவுன்தான்.